கை நனைக்க வந்த வீடு

இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாகிவிட்டது, இனி எழுந்திருக்க வழியில்லை. இடது பக்கம் ஆறுச்சாமி, சம்பந்தி என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் இன்னும் சம்பந்தி இல்லை, இந்த இலையில் நான் சாப்பிட்டு முடித்தால்தான் சம்பந்தி. வலது பக்கம் சுவர். எதிர் வரிசையில் பெண்கள், நடுவில் என் மனைவி பூங்கோதை, என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பார்க்காதே என்று கண்ணால் சொன்னால் அதையும் பார்க்கிறாள். எங்கள் ஊர்ப் பக்கம் பெண் கொடுக்கிறவர்கள் முதலில் மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும். வீடு பிடிக்கவில்லை என்றால் காபியைக்கூடத் தொடாமல், இன்னொரு நாளைக்கு வர்றோமுங்க என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், அந்த இன்னொரு நாள் வரவே வராது. பிடித்திருந்தால் கை நனைப்பார்கள். சம்மதம் என்று வாயைத் திறந்து யாரும் சொல்வதில்லை, சொன்னாலும் யாரும் நம்புவதில்லை, பெண்ணைப் பெற்றவன் இலையில் உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிட்டு, இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தால் கல்யாணம் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். பாதியில் எழுந்தால் என்ன அர்த்தம் என்று இதுவரை யாரும் எழுந்து பார்த்ததில்லை. நான் எழுந்தால் என் மகள் சிந்துஜாவின் கல்யாணப் பேச்சு இந்தக் கூடத்தோடு முடிந்துவிடும். போன வாரம் ஏன் இறுக்கச் சொன்னேன்.

நான்தான் சொன்னேன், டாக்டர் மேல் பழி போட முடியாது. என் இரைப்பையின் மேல்பாகத்தைச் சுற்றி ரப்பர் மாதிரி ஒரு வளையம் மாட்டியிருக்கிறார்கள், இந்தக் கூடத்தில் பூங்கோதையைத் தவிர யாருக்கும் தெரியாது. கோயமுத்தூரில் வயிற்றில் சின்னச் சின்னதாய்த் துளை போட்டு உள்ளே விட்டு மாட்டினார்கள். விழுங்குகிற சோறு அந்த வளையத்துக்கு மேலே ஒரு கிண்ணியளவு இடத்தில் தங்கி, அங்கிருந்து புனலில் எண்ணெய் இறங்குகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போக வேண்டும். தொப்புளுக்குப் பக்கத்தில் தோலுக்கு அடியில் ஒரு பித்தான் இருக்கிறது, தடவினால் கையில் தட்டுப்படும், குளிக்கும்போது அந்த இடத்தைத் தாண்டித்தான் சோப்பு போடுகிறேன், பயம். அதில் ஊசி குத்தி உப்புத் தண்ணீர் ஏற்றினால் வளையம் உப்பும், வழி இன்னும் சின்னதாகும். போன வாரம் டாக்டர் கொஞ்சம் ஏற்றிவிட்டு, இப்போதைக்குப் போதும் என்று ஊசியை எடுக்கப் போனார். இன்னுங் கொஞ்சம் இறுக்குங்க சார், அடுத்த வாரம் ஒரு விசேஷம் இருக்குது, சட்டை தொளதொளன்னு நிக்கோணும் என்றேன் நான். சட்டை தொளதொள என்றுதான் நிற்கிறது. காலையில் குடித்த மோர்கூட நின்று யோசித்துவிட்டுத்தான் உள்ளே இறங்கியது. எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லித்தர ஒரு பெண் பிள்ளை இருந்தது அங்கே, எலும்பும் தோலுமாக, கூழாகும்வரை மெல்லணும் அங்கிள், நடுவுல தண்ணி குடிக்கக் கூடாது, பேசிட்டே சாப்பிடக் கூடாது, அவசரப்படக் கூடாது, போதும்னு தோணினதும் நிறுத்திடணும், குழைஞ்ச சோறு, பணியாரம், ஒட்டுற பண்டம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போயிற்று. அந்தப் பிள்ளையைக் கூட்டிவந்து இந்தப் பந்தியில் என் இடத்தில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும்.

ஒப்புட்டு வருகிறது. முதலில் இனிப்பைத் தொட வேண்டும், அதுதான் முறை. நெய் மினுங்குகிறது, ஓரத்தில் லேசாகக் கருகியிருக்கிறது, அந்தக் கருகல்தான் ருசி, உள்ளே வெல்லமும் கடலைப்பருப்பும், ஏலக்காய் வாசம் இலையிலிருந்து எழுந்து முகத்தில் அடிக்கிறது. பழைய நாச்சிமுத்துவாக இருந்தால் இதற்குள் மூன்று போயிருக்கும், நாலாவது வரும்போது போதுமுங் போதுமுங் என்று கையை இலைக்கு மேலே நீட்டி, விரல்களுக்கு நடுவே போடட்டும் என்று இடைவெளி விட்டிருப்பேன். என்னை எல்லாப் பந்திக்கும் தெரியும். டிரைவிங் ஸ்கூல் நாச்சிமுத்து வந்துட்டாரு, இன்னொரு அண்டா ஏத்துங்க என்று சமையல்காரர்கள் எனக்குக் கேட்கும்படியே சொல்வார்கள், எனக்கு அதில் பெருமைதான், இல்லை என்று சொன்னால் அது பொய். விடியற்காலை வகுப்பு முடிந்ததும் வண்டி ஓட்டப் பழகுகிற பையன்களோடு புரோட்டா, வீட்டுக்கு வந்து இட்லி, பத்து மணிக்கு வடை. ஸ்டியரிங்குக்கும் எனக்கும் நடுவில் வயிறு உட்கார்ந்திருக்கும். இப்போது பூங்கோதை சிந்துவுக்குக் குழந்தையில் ஊட்டிய வெள்ளிக் கிண்ணியை எடுத்துத் துடைத்து அதில்தான் எனக்குப் போடுகிறாள். முதல் சில வாரம் வடிகட்டின கஞ்சித் தண்ணீர். வீட்டில் தாளிப்பதையே நிறுத்திவிட்டாள், எனக்கு வாசம் வரக் கூடாதாம். ஒரு மத்தியானம் நான் தூங்குகிறேன் என்று நினைத்து அம்மாவும் மகளும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார்கள், கதவுக்கு அந்தப் பக்கம் அப்பளம் உடைகிற சத்தம் கேட்டது. என் வீட்டில் எனக்குத் தெரியாமல் அப்பளம். கோபம் வந்தது, பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது, ஐம்பத்தைந்து வயது ஆள் அப்பளத்துக்கு அழுதேன் என்று வெளியில் சொல்ல முடியுமா. பசி இல்லை, அதுதான் வேடிக்கை, வயிற்றுக்குப் பசியே இல்லை. வாய்க்குத்தான் பசி. வாயை யாரும் ஆபரேஷன் பண்ணவில்லை.

ஒப்புட்டில் ஒரு ஓரம் கிள்ளி வைத்து மென்றுகொண்டிருக்கிறேன். மெல்ல மெல்ல ருசி போய்விடுகிறது, வெறும் ஈரம்தான் மிஞ்சுகிறது, அதற்குமேலும் மெல்ல வேண்டும். நல்லாருக்குதுங்களா என்கிறார் ஆறுச்சாமி. தலையை ஆட்டுகிறேன். உள்ளே போகிறது, வளையத்துக்கு மேலே நிற்கிறது, எனக்குத் தெரிகிறது, நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு விரல் வைத்து அமுக்குகிற மாதிரி, அப்புறம் மெதுவாக வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. ஒரு வாய். இந்த இலையில் எத்தனை வாய் இருக்கும் என்று பார்த்தால் பயமாக இருக்கிறது, பொரியல், கூட்டு, பச்சைப்பயறு கடைந்தது, வடை, இனிமேல்தான் சோறு. பூங்கோதை எதிரே தாடையை லேசாக அசைத்துக் காட்டுகிறாள், மெல்லுங்கள் என்கிறாள், மென்றுகொண்டுதானே இருக்கிறேன், இவளுக்கு நான் மாடு மாதிரித் தெரிய வேண்டும் போல. புறப்படும்போதே சொன்னாள், ஏனுங், பேசாம உண்மையச் சொல்லீரலாமுங்க, இல்லீன்னா கோயிலுக்கு வேண்டுதல், விரதம்னு ஏதாச்சுஞ் சொல்லிக்கலாம் என்று. கை நனைக்க வந்தவன் விரதம் என்று சொன்னால் அது எப்படிப்பட்ட விரதம் என்று ஊருக்கே தெரியும். உண்மையைச் சொன்னால் அதைவிட மோசம். எதனால் இந்த வளையம் என் வயிற்றுக்குள் போனது என்பதை நினைத்துப் பார்த்தாளா அவள்.

சர்க்கரை, மூட்டுவலி, மாடி ஏறினால் மூச்சு, இதெல்லாம் டாக்டரிடம் சொன்னது. அவரிடம் சொல்லாதது வேறு. போன வருடம் ஒரு வரன் வந்தது, பெண் பார்த்துவிட்டுக் காபியைத் தொடாமல் போய்விட்டார்கள். இன்னொன்று வந்தது, அதுவும் போயிற்று. புரோக்கர் கூச்சப்பட்டுக்கொண்டு வாசலிலேயே நின்று சொன்னார், பொண்ணு பரவால்லீங்கறாங்க, கொஞ்சம் பூசுன மாதிரி இருந்தாலும் லட்சணமா இருக்குதுங்கறாங்க, ஆனா அப்பனப் பார்த்தா பயமா இருக்குதாமுங்க, ரெண்டு புள்ளை பெத்தா பொண்ணும் அப்புடித்தான் ஆகும், குடும்ப வாகு அது அப்படின்னு பேசிக்கறாங்க என்று. நான் சிரித்தேன். என்னத்தைச் சொல்வது, சிரித்தேன். சிந்து உள்ளறையில் இருந்தாள். கேட்டிருக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். அன்று ராத்திரி அவளுக்கு இரண்டாவது தோசையைப் போடப் போன பூங்கோதையிடம், வேண்டாம்மா, போதும் என்றாள். மறுநாளும் போதும் என்றாள். சிந்து நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளை, சின்ன வயசிலிருந்தே என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிற பிள்ளை, அது ஒரு தோசையோடு தட்டைக் கழுவிவைத்துவிட்டுப் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் மூன்றாவதைப் பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாரமே கோயமுத்தூர் போய்விட்டேன். ஊரில் யார் கேட்டாலும் நடந்து இளைத்தேன் என்று சொல்லிவைத்திருக்கிறோம். இந்த வரன் வந்தபோது அந்த நடையைக் கேட்டு ஆறுச்சாமி மகிழ்ந்துபோய்விட்டார், வைராக்கியமான மனுசனுங்க, இப்படிப்பட்ட ஊட்டுல பொண்ணெடுக்கோணும் என்றாராம். பையன் நவநீதன் பாலிடெக்னிக்கில் வாத்தியார், சிந்துவுக்கு அவனைப் பிடித்திருக்கிறது. போனில் பேசும்போது சிரிக்கிறாள். வெகு நாளைக்கப்புறம் அந்தச் சிரிப்பு. இப்போது வீட்டில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அப்பா கை நனைத்துவிட்டார் என்று அம்மா சொல்வதற்காக.

சோறு வந்துவிட்டது. மாப்பிள்ளையே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறான், சட்டைக் கையை மடித்துவிட்டிருக்கிறான், நல்ல பையன்தான், பார்க்க ஒல்லி. ஆறுச்சாமிக்கு ஒரு கரண்டி நிறையப் போடுகிறான். அவருக்கு அந்தப் பக்கம் அவன் சித்தப்பாவுக்கும் நிறைய. எனக்குக் கரண்டியின் நுனியில் கொஞ்சம், கோயிலில் பிரசாதம் தருகிற மாதிரி. போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்துவிட்டான். முதலில் ஆசுவாசமாகத்தான் இருந்தது, அப்பாடா என்றுதான் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. கவனித்துப் பார்த்தால் முன்னால் இவன் கையால் வைத்த பொரியலும் அப்படித்தான், கூட்டும் அப்படித்தான், வடையில்கூட ஒன்று எடுத்துப் பாதியாகப் பிட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பெண்ணைப் பெற்றவன் இலையில் பாதி வடையா. யாராவது செய்வார்களா. இவனுக்குச் சம்மதமில்லை. வீட்டில் பெரியவர்கள் கட்டாயப்படுத்தியிருக்கிறார்கள், வாயால் சொல்ல முடியாமல் கரண்டியால் சொல்கிறான். இந்த ஊரில் எல்லாவற்றையும் கரண்டியால்தானே சொல்கிறோம். அப்படியென்றால் போனில் சிரித்தது? சிந்துதானே சிரித்தாள், அந்தப் பக்கம் இவன் சிரித்தானா என்று எனக்கு எப்படித் தெரியும். அல்லது என் உடம்பைப் பார்த்துக் குத்திக்காட்டுகிறானா, மாமா, உங்களுக்கு இது போதும் என்கிறானா. ஆறுச்சாமி என் இலையைப் பார்க்கிறார். அவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பாவும் எட்டிப் பார்க்கிறார். காது சூடாகிறது. இத்தனை காலம் பந்தியில் தலை நிமிர்ந்து உட்கார்ந்த ஆள் நான். வாய் தானாகத் திறந்தது, மாப்பிள்ளை, இன்னுங் கொஞ்சம் போடுங்க, என்ன இப்புடிக் கணக்குப் பாக்கறீங்க என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பூங்கோதை அப்படியே கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

பையன் திரும்பினான், ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது, அதற்குள் அவன் அம்மா கருணாம்பிகை சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். வந்ததிலிருந்து இந்த அம்மா உட்காரவே இல்லை, ஒல்லியான உடம்பு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லா இலையையும் ஒரே பார்வையில் பார்த்துவிடுகிற கண். ஏன்டா கண்ணு, மாமாவுக்கு இப்புடியா போடறது, அவுரு நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு என்று கரண்டியை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். ஒரு கரண்டி. அம்மா போதுமுங் என்றேன், நானே கேட்டுவிட்டு எப்படி உரக்கச் சொல்வது, மெதுவாகத்தான் சொன்னேன், அது அவளுக்கு உபசாரமாகத்தான் கேட்டிருக்கும். இன்னொரு கரண்டி. பருப்பு. நெய். சோற்றுக்கு நடுவே குழி வெட்டி அதில் சாம்பார். ஊடு சிறுசா இருந்தாலும் எங்க சமையலு உங்களுக்குப் புடிச்சிருக்குதுன்னா அது எங்க பாக்கியமுங்க என்றாள். அவள் கண் உண்மையிலேயே நிறைந்திருந்தது. மகனின் பாதி வடையைப் பார்த்து நான் கோபித்துக்கொண்டேன் என்று பயந்திருக்கிறாள், பாவம், இப்போது நான் இன்னும் கேட்டதும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது அவளுக்கு. என் இலையில் ஒரு மலை நிற்கிறது. நானே கேட்டு வாங்கிய மலை.

சரி, ஒவ்வொன்றாக. உருட்டாமல், நுனி விரலில் எடுத்து, வாயில் போட்டு, மெல்ல வேண்டும். பையன் பாத்திரத்தோடு தள்ளி நின்று என்னைப் பார்க்கிறான். மெல்கிறேன். இறங்குகிறது. அடுத்தது. கொஞ்சம் நிற்கிறது, இறங்குகிறது. ஆறுச்சாமி வேகமாகச் சாப்பிடுகிற ஆள், ஏற்கனவே ரசத்துக்குக் குழி வெட்டிவிட்டார், ஆனால் நான் முடிக்காமல் அவர் எழ மாட்டார், அவர் எழாமல் வரிசையில் யாரும் எழ மாட்டார்கள், ஆக எல்லாரையும் நான் இந்தச் சோற்றால் கட்டிவைத்திருக்கிறேன், அல்லது அவர்கள் என்னை. நெம்ப மெதுவாச் சாப்புடறீங்க, அதுதானுங்க உடம்பு இப்புடி எளைச்சிருக்குது என்கிறார். வாயில் சோறு. தலையாட்டுகிறேன். தெனமும் எவ்வளவு தூரம் நடப்பீங்க? வாயில் சோறு. கையை நீட்டித் தூரம் காட்டுகிறேன், கையால் எப்படி மைல் காட்டுவது. எனக்குங் கொஞ்சம் சொல்லிக் குடுங்க, எந்தப் பக்கமா நடப்பீங்க, வாய்க்கா மேட்டு மேலயா? வரிசையே என் பதிலுக்கு நிற்கிறது. ஆமாங்க, வாய்க்கா மேட்டு மேலதான், விடியக்காலம் கெளம்பி, என்று சொல்ல வேண்டுமானால் வாய் காலியாக இருக்க வேண்டும், ஆகவே விழுங்கினேன். மெல்லாமல் விழுங்கினேன். சொல்லி முடிக்கும்போதே தெரிந்துவிட்டது. வாய்க்கால் மேட்டில் நான் ஒரு நாளும் நடந்ததில்லை, நடக்காத நடையைச் சொல்லப் போய்ச் சோற்றை மெல்லாமல் விழுங்கிவிட்டேன்.

நின்றுவிட்டது. நெஞ்சுக்கு நடுவில் உருண்டையாக நின்றுவிட்டது, மேலேயும் வராது கீழேயும் போகாது. என் வலது கால் பாயில் அழுந்துகிறது, தானாக அழுந்துகிறது, வண்டி ஓட்டப் பழகுகிறவன் லாரிக்கு நேராகப் போகும்போது நான் என் பக்கத்து பிரேக்கை மிதிப்பேன், அப்படி மிதிக்கிறது, இங்கே மிதிக்க என்ன இருக்கிறது, பாய்தான் இருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் நிமிர்ந்து பார்க்கிறேன். தோளைப் பின்னால் தள்ளிப் பார்க்கிறேன். எழுந்து நாலடி நடந்தால் சிலசமயம் வழி விடும், நடக்க எங்கே போவது. வலி முதுகுக்குப் போய்விட்டது. இப்போது எச்சில் ஊறத் தொடங்குகிறது, அதுதான் மோசம், வாய் நிறைய வழவழ என்று ஊறுகிறது, விழுங்கினால் உருண்டைக்கு மேலே போய் நிற்கிறது, மறுபடி ஊறுகிறது. துண்டால் வாயைத் துடைக்கிற மாதிரி கொஞ்சம் துண்டில் விட்டேன். வெயிலுங்க என்று சொல்ல நினைத்தேன், வாயைத் திறந்தால் வழிந்துவிடும். உறைக்குதாட்ட இருக்குது, தண்ணி குடிங்க என்று ஆறுச்சாமி டம்ளரை எடுத்து நீட்டுகிறார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அட குடிங்க என்கிறார். பூங்கோதை அங்கிருந்து குடிக்காதீர்கள் என்று தலையாட்டுகிறாள், அவளைப் பார்த்து ஆறுச்சாமியின் தங்கை எதற்கு ஆட்டுகிறாய் என்று பார்க்கிறாள். மாப்பிள்ளையின் அப்பா கையால் நீட்டுகிற தண்ணீரை எப்படி மறுப்பது. ஒரு மடக்கு. அதுவும் மேலேயே நின்றது. இனி மூச்சு மட்டும்தான் போகிறது. இலையைப் பார்க்கிறேன், மலை அப்படியே இருக்கிறது, ஒரு மூலை மட்டும் சரிந்திருக்கிறது. எழுந்திருக்காதே நாச்சிமுத்து. எழுந்தால் சிந்து. எழுந்திருக்காதே. இங்கேயே வாந்தி எடுத்தால்? இலையிலேயே? அது எழுந்ததைவிட மோசமா, குறைச்சலா? வேர்க்கிறது. புரோக்கர் சொன்னது காதில் கேட்கிறது. தோசைத் தட்டு கழுவுகிற சத்தம் கேட்கிறது. சுவர் வலது பக்கம் இவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கவே கூடாது. எழுந்துவிட்டேன்.

பின்கட்டு வாசலைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்தேன். நுரை நுரையாக வந்தது, அப்புறம் சோறு, பருக்கை பருக்கையாக, அப்படியே முழுசாக. வந்ததும் நெஞ்சு விட்டது. அப்படி ஒரு சுகம், அந்தச் சுகத்தை நினைத்து வெட்கமாக இருந்தது, மகளின் வாழ்க்கை உள்ளே கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, இங்கே எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது என்று சந்தோஷம். முதுகில் ஒரு கை பட்டது. நவநீதன் சொம்போடு நின்றான். வாய மட்டும் கொப்பளிங்க மாமா, உள்ள விட்டுறாதீங்க என்றான். நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். சிந்து எல்லாஞ் சொல்லிருக்குதுங்க என்றான் மெதுவாக. மொதல் நாளே சொல்லிருச்சுங்க. அதுக்குத்தானுங்க கொஞ்சமாப் போட்டேன், வடையக்கூடப் பாதியாக்குனேன். நீங்களே இன்னும் போடச் சொல்லிக் கேக்கறீங்க, எல்லாரு முன்னாலயும் நான் என்னுங்க பண்ணட்டும்? இந்தப் பிள்ளையைப் போய் நான் என்ன நினைத்தேன். அம்மாவுக்குத் தெரியாதுங்க, பித்தம்னு சொல்லிக்கலாமுங்க, நானே சொல்லிக்கறேன் என்றான். பித்தம். நல்ல பொய்தான், நிற்கும். இன்றைக்குப் பித்தம், ஆடிக்கு வாயு, தீபாவளிக்கு விரதம், விருந்துக்கு ஒரு வியாதியாக இந்த வீட்டுக்குள் நான் நுழைந்துகொண்டிருக்க வேண்டும். நானாவது விருந்தாளி, வந்துவிட்டுப் போய்விடுவேன். சிந்து இந்த வீட்டிலேயே இருக்கப் போகிறவள். இரண்டாவது தோசை வேண்டாம் என்று தினமும் இங்கேயும் சொல்லிக்கொண்டிருப்பாளா, அப்பன் சொன்ன பொய்யைக் காப்பாற்ற?

கருணாம்பிகை பின்வாசலில் நின்றிருந்தாள், எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கையில் கரண்டி இன்னும் இருந்தது. பொண்ணு குடுக்க மனசில்லீன்னா வாயத் தொறந்து சொல்லிருக்கலாமுங்க என்றாள். பாதிப் பந்தியில எந்திரிச்சு வர்ற அளவுக்கு நாங்க என்னுங்க கொறை வெச்சோம்? பையன், அம்மா மாமாவுக்குப் பித்தம் என்று தொடங்கினான். இல்லீங்க என்றேன். மனசு இருக்குதுங்க, வயித்துலதான் எடமில்லை. எளைக்கறதுக்கு ஆபரேஷன் பண்ணி உள்ள வளையம் மாட்டியிருக்குதுங்க, அதுதான் சோத்த விட மாட்டேங்குது. வாய்க்கா மேட்டுல நான் நடந்ததே இல்லீங்க, அது பொய். அவள் கீழே பார்த்தாள். அவள் அள்ளிப் போட்ட சோறு மண்ணில் கிடந்தது. பிறகு என்னைப் பார்த்து, எதைக் கேட்பாள் என்று இத்தனை மாதமாகப் பயந்துகொண்டிருந்தேனோ அதையே கேட்டாள். அப்ப நாளைக்கு உங்க பொண்ணுக்கும் இது மாதிரி பண்ணோணுமுங்களா? அம்மா என்றான் நவநீதன். நீ சும்மா இருடா என்றாள். பண்ண வேண்டாமுங்க என்று சொல்லியிருக்கலாம், சத்தியம் பண்ணியிருக்கலாம். தெரியாதுங்க என்றேன். எனக்குத் தெரியாது. நல்லாச் சாப்புடற புள்ளைங்க அது. என் ஒடம்பப் பத்தி யாரோ பேசுனதக் கேட்டுட்டு அன்னையிலிருந்து அரை வயித்தோட எந்திரிக்குது. இங்க வந்தும் அப்புடித்தான் எந்திரிக்கோணும்னா, இந்தக் கல்யாணம் வேண்டாமுங்க. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள்.

தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடிந்துவிட்டது என்று தோன்றியது. பூங்கோதையிடம் என்ன சொல்வது, அவள் சிந்துவிடம் என்ன சொல்வாள், போனை எடுத்ததும் அந்தப் பிள்ளை அப்பா சாப்பிட்டாரா என்றுதானே முதலில் கேட்கும். பாதியில் எழுந்தால் என்ன அர்த்தம் என்று எழுந்து பார்த்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன், இனி ஊரெல்லாம் அதைச் சொல்லும். பித்தம் என்று சொல்லியிருக்கலாம். பையன் கெஞ்சிச் சொன்னானே, பித்தம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம், நாலு வருடம் கழித்துத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகிறது. உள்ளே பாத்திரங்கள் உருளுகிற சத்தம், இலை எடுக்கிறார்கள் போலிருக்கிறது. அப்புறம் ஏதோ இடிபடுகிற சத்தம், மத்தால் கடைகிற சத்தம். நவநீதன் உள்ளே எட்டிப் பார்த்தான். மாமாவக் கூட்டிட்டு வா கண்ணு, நல்ல நேரம் போகுது என்று உள்ளிருந்து குரல் வந்தது. உள்ளே போனேன். வரிசையில் ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை. கை காய்ந்துபோய் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள், ஆறுச்சாமி ரசத்துக்கு வெட்டிய குழி வெட்டினபடி இருந்தது. என் இலையில் மலையைக் காணோம். துடைத்த இலையில் எலுமிச்சம்பழ அளவுக்கு, ரசத்தில் கடைந்த சோறு, பருக்கை தெரியாமல். ஒரு வாய் போதுமுங்க, மெதுவாச் சாப்புடுங்க என்றாள் கருணாம்பிகை, பிறகு திரும்பி வரிசையைப் பார்த்து, யாரும் அவருகிட்டப் பேச்சுக் குடுக்காதீங்க, அவரு மெல்லட்டும் என்றாள்.

வாயில் வைத்தேன். மிளகும் சீரகமும், பூண்டு, கொஞ்சம் நெய். மெல்ல அதில் ஒன்றும் இல்லை, ஆனாலும் மென்றேன். இரண்டு வரிசை சனமும் என் தாடையையே பார்க்கிறது. பூங்கோதை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பார்க்கிறாள். ஆறுச்சாமி என்னோடு சேர்ந்து தன் வெறும் வாயை மெல்லுகிறார், அவருக்கே தெரியாமல். இது நின்றுவிட்டால்? இந்த ஒரு வாயும் நின்றுவிட்டால்? மறுபடி நெஞ்சில் விரல் வந்து அமுக்குகிறது. சும்மா இரு, இறுக்காதே, கொஞ்சம் விடு என்று உள்ளே இருப்பதைக் கெஞ்சிக்கொண்டு விழுங்கினேன். நிற்கிறது. காத்திருக்கிறேன். எதிரே கருணாம்பிகை குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் கழுத்தைப் பார்க்கிறாள், மூச்சுக்கூட விடவில்லை அவள். அமுக்கம் கொஞ்சம் நகர்ந்தது, இன்னும் கொஞ்சம், பிறகு சூடாக வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. எறங்குச்சுங்களா? என்றாள். எறங்குச்சுங்க என்றேன். முழங்காலில் கையூன்றி எழுந்தாள். அந்தப் புள்ளைக்குப் போனப் போடு கண்ணு என்றாள் மகனிடம், இனிமே அரை வயித்தோட எந்திரிக்கக் கூடாதுன்னு அத்தை சொன்னாங்கன்னு சொல்லு.